கொரியாவிலிருந்து வந்தவனின் கோப்பை

சென்ற மாதம் என் தமக்கையின் மகன் கொரியாவிலிருந்து திரும்பி வந்தான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தினூடாகக் கொரிய மொழிப் பரீட்சை எழுதிப் போனவன். அந்நாட்டு விதிப்படி ஒரே தடவையில் தங்கக்கூடிய நான்கு ஆண்டு பத்து மாதங்களையும் ஒரு தொழிற்சாலையில் கழித்துவிட்டு, மூன்று பெட்டிகளும் தீராத நாரிநோவுமாக வந்து இறங்கினான். வன்னியில் ஒட்டுசுட்டானில் உள்ள எங்கள் தாய்வீட்டில் அவனுக்கு ஒரு மதிய விருந்து வைத்தோம். குத்தரிசிச் சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, பொரித்த மிளகாய், இவற்றோடு அவனுடைய பெரியப்பா முத்தையன்கட்டிலிருந்து பழைய சஞ்சிகைத் தாளில் சுற்றிக் கொண்டு வந்திருந்த காட்டுப்பன்றி வத்தலும் இருந்தது. வத்தல் பொரியும் மணம் முற்றம் வரை வந்தது.

சாப்பாட்டின் நடுவில் பெரியப்பாதான் கேட்டார். "என்னடா தம்பி, அங்கை நாயிறைச்சியும் திண்டனியோ?" கொரியாவிலிருந்து வருகிற எல்லாப் பெடியங்களிடமும் ஊரில் கேட்கப்படுகிற கேள்விதான் இது. "சீ, இல்லை" என்று அவர்கள் சொல்வதும், எல்லோரும் சிரிப்பதும், பேச்சு சம்பளத்தின் பக்கம் திரும்புவதும் வழக்கம். இவன் சோற்றைப் பிசைந்தபடியே, "ஒருக்கா திண்டனான் பெரியப்பா. முதலாளி கூட்டிக்கொண்டு போனவர், மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் போச்சு" என்றான். சிரிப்பதற்காகத் திறந்த வாய்கள் அப்படியே நின்றன. என் தாயார் ஒன்றும் பேசவில்லை. ஆனால் சாப்பாடு முடிந்த பிறகு அவனுடைய கோப்பையை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே எடுத்துப்போய், சாம்பலும் பழப்புளியும் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவி, கிணற்றுக்கட்டின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். அவன் அதைக் கண்டான். நானும் கண்டேன்.

அன்று மாலை அவனை அழைத்துக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் நடந்தபோது முழுக் கதையையும் கேட்டேன். கொரியர்கள் ஆடி, ஆவணி மாதங்களில் மூன்று கடும் வெப்ப நாட்களைக் கணித்து 'பொங்நால்' என்று அழைக்கிறார்கள். வெப்பத்தை வெப்பத்தால் ஆளவேண்டும் என்பது அவர்களுடைய பழமொழி. ஆகவே அந்நாட்களில் கொதிக்கக் கொதிக்கக் குடித்து வியர்த்தால் உடல் வலுப்பெறும் என்று நம்புகிறார்கள். வெயிலுக்கு மோரும் இளநீரும் தேடுகிற நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். இன்று பெரும்பாலானோர் அந்நாட்களில் ஜின்செங் வேரும் அரிசியும் அடைத்து அவித்த கோழியைத்தான் உண்கிறார்கள். பழைய தலைமுறையினர் சிலர் மட்டும் 'போசின்தாங்' என்ற நாயிறைச்சிக் கஞ்சியைத் தேடிப் போகிறார்கள். இவனுடைய முதலாளிக்கு எழுபது வயது. கோடையில் முறிந்து வேலை செய்த ஐந்து வெளிநாட்டுப் பெடியங்களையும் தன் காரில் ஏற்றிச் சென்று, தன் கைக்காசில் ஆளுக்கொரு கறுத்த மண்சட்டி வாங்கிக் கொடுத்து, எதிரில் இருந்து அவர்கள் உண்பதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறார். சட்டியின் மேல் ஏதோ வாசனை இலையும் வெங்காயத்தாளும் மிதந்தன என்றும், இறைச்சி ஆட்டைவிட மென்மையாக இருந்தது என்றும், அன்றிரவு முழுவதும் எங்கள் வீட்டு நாயின் முகம் கண்ணுக்குள் நின்றது என்றும் அவன் சொன்னான். "அந்த மனுசன் எனக்குச் செய்த ஒரேயொரு நல்ல காரியம் அதுதான் மாமா" என்றும் சொன்னான்.

கோப்பை விடயம் என்னை விடவில்லை, ஏனெனில் தனிக் கோப்பையின் வரலாறு நமக்குப் புதிதன்று. வடக்கின் தேநீர்க் கடைகளில் சிலருக்குக் குவளையிலும் சிலருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்த காலம் என் தந்தையாரின் இளமைக் காலம்தான். 1960களின் இறுதியில் போராடித்தான் அந்தக் கடைகளுக்குள் எல்லோரும் நுழைந்து ஒரே குவளையில் குடித்தார்கள். அப்போது தனிச் சிரட்டைக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று, 'அவர்கள் கண்டதையும் தின்பவர்கள்' என்பது. இறைச்சியின் மீதுள்ள அருவருப்பு அதைத் தின்றவன் மீதான அருவருப்பாக மாற எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அந்தக் கிணற்றுக்கட்டில் மீண்டும் ஒருமுறை கண்டேன். என் தாயாரைக் குறை சொல்லவில்லை. நாய் வைரவருடைய வாகனம். எங்கள் வளவின் மூலையில் பாலை மரத்தின் கீழ் சூலம் நட்டு வைரவரை வைத்திருக்கிறோம், வடைமாலை சாத்தும் நாளில் முதல் வடை நாய்க்கு விழும். அவருக்கு அது உணவு விடயமே அன்று.

போருக்குப் பின் ஏ-9 வீதியைத் திருத்தச் சீனத் தொழிலாளர்கள் வந்து கூடாரமடித்திருந்தபோது, அவர்கள் இருக்கும் பக்கத்தில் நாய்கள் குறைந்துவிட்டன என்று வன்னி முழுவதும் ஒரு கதை உலாவியது. வேலை நிமித்தம் அந்த வீதியில் கிழமைக்கு மூன்று நாள் போய்வந்தவன் நான். நாய்கள் குறையவில்லை, மாலையில் அந்தத் தொழிலாளர்களின் சமையற்கூடத்துக்குப் பின்னால் மிச்சச் சோற்றுக்காக ஏழெட்டு நாய்கள் வாலாட்டி நிற்பதைத்தான் கண்டேன். ஆனால் அந்தக் கதையை நானும் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சொல்வதற்குச் சுவையாக இருந்தது என்பதற்காக.

இனி, விருந்தில் எங்கள் கோப்பைகளில் இருந்த பன்றியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது நாய் விட்டுப் பிடித்த பன்றி. வன்னியில் வேட்டை என்றால் நாய்தான். நான்கைந்து நாய்கள் பன்றியை மறித்து நிறுத்தும். கிடாய்ப் பன்றி என்றால் ஒரு நாயாவது வயிறு கிழிந்து திரும்பும். என் சிறுவயதில் பாட்டனார் தன் வேட்டை நாயின் கிழிந்த விலாவைச் சாக்கு ஊசியாலும் நூலாலும் தைத்ததை, அது அவருடைய கையைக் கடிக்காமல் நக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. ஆயினும் நாரிக்கு நல்லது என்று சொல்லி, கால்களை முதுகோடு சேர்த்துக் கட்டிச் சாக்கில் இரண்டு நாள் உயிரோடு போட்டு வைத்து விற்கிறவர்களும், விலை பேசி வாங்குகிறவர்களும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். உடும்பு நாரிக்கு வலு தரும் என்பதற்கும் நாயிறைச்சி கோடைக்கு வலு தரும் என்பதற்கும் இடையில் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை. எல்லாவற்றிலும் கொடியது பன்றிக்கு வைக்கும் வாய்வெடி. தீனிக்குள் மறைத்த வெடி கடித்தவுடன் தாடையைச் சிதறடிக்கும். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டியும் கடிக்கும், மாடும் கடிக்கும், மணம் பிடித்துப் போகிற நாயும் கடிக்கும். தாடை போன யானை தின்ன முடியாமல் வாரக்கணக்கில் நின்று சாகிறது.

விலங்கின் வேதனையை அளவுகோலாக வைத்தால் கொரியாவின் நாய்ப் பண்ணைகளைப் பற்றிச் சொல்லவேண்டியது நிறைய உண்டு. கம்பிக் கூடுகளில் நிலத்தில் கால் படாமலே வளர்ந்து, உணவகங்களின் கழிவைத் தின்று, மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்படும் வாழ்க்கையை எந்தப் பண்பாட்டின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதே அளவுகோலை எடுத்தால், ஒரு தாளின் பரப்பளவுகூட இல்லாத கூட்டில் முட்டையிடும் கோழியையும் பேசவேண்டும். இலண்டனிலிருந்து எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, சீனாவின் யூலின் நகரத்து நாயிறைச்சித் திருவிழாவுக்கு எதிராகக் கையெழுத்துக் கேட்டு ஒவ்வோர் ஆனி மாதமும் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் படங்கள் அனுப்புவாள். யூலின் பழம்பெரும் வழக்கமன்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியாபாரிகள் தொடக்கிவைத்தது. அந்நாட்டின் சென்சென் நகரமே 2020 மே 1 முதல் நாய், பூனை இறைச்சியைத் தடை செய்துவிட்டது என்பது அந்தப் படங்களோடு வருவதில்லை. நானும் கையெழுத்து வைத்தேன், பிறகு கடைக்குப் போய்க் கோழி வாங்கி வந்தேன்.

கொரியா மாறிய விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. 1988இல் சோலில் ஒலிம்பிக் நடந்தபோது வெளிநாட்டார் கண்ணில் படக்கூடாது என்று நாயிறைச்சிக் கடைகளைப் பெருந்தெருக்களிலிருந்து சந்துகளுக்குத் தள்ளினார்கள். 2002இல் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் வந்தபோது பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ பெரும் பிரசாரம் நடத்தினார். விளைவு என்ன? நாயிறைச்சியைத் தொட்டே பார்த்திராத கொரிய இளைஞர்கூட, 'நத்தை தின்னும் நாட்டார் எமக்குப் புத்தி சொல்வதா' என்று சினந்து அதைத் தேசிய மானமாக்கினார்கள். அதே பார்தோ ஹஜ்ஜுப் பெருநாள் ஆட்டுப் பலியை எதிர்த்து முஸ்லிம்களைப் பற்றி எழுதியவற்றுக்காக, இனவெறுப்பைத் தூண்டியதாகப் பிரெஞ்சு நீதிமன்றங்களில் பலமுறை அபராதம் செலுத்தியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆட்டின் மீது பிறந்த இரக்கம் மனிதர் மீது வெறுப்பாகத் திரும்புவது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று.

பிறகு வெளியார் சத்தம் குறைந்த காலத்தில், அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்க்கத் தொடங்கிய கொரியர்களே மெல்ல மெல்ல மாறினார்கள். 2024 ஜனவரி 9ஆம் திகதி அவர்களுடைய பாராளுமன்றம் நாயிறைச்சி வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 208 வாக்குகள், எதிராக ஒன்றுகூட இல்லை, இருவர் வாக்களிக்காமல் இருந்தனர். உண்பவனுக்குத் தண்டனை இல்லை. இறைச்சிக்காக நாயைக் கொல்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது மூன்று கோடி வொன் வரை அபராதம். வளர்ப்பவருக்கும் விற்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை. பண்ணைக்காரர் தொழில் மாறுவதற்கென்று மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்து, 2027 பெப்ரவரியில்தான் தண்டனை நடைமுறைக்கு வரும் என்று எழுதினார்கள். கூடுகளில் இருந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் நாய்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் யாரிடமும் சரியான விடை இல்லை. தன் முதலாளி இந்தச் சட்டத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று மருமகனிடம் கேட்டேன். "பேரப்பிள்ளை வீட்டிலை நாய் நிக்குதாம், அவளுக்கு முன்னாலை இதைப் பற்றிக் கதைக்கவேண்டாம் எண்டு எங்களுக்குச் சொன்னவர்" என்றான்.

இதற்கு நேர்மாறானது நாகலாந்து. 2020 ஜூலையில் அம்மாநில அரசு ஒரு நிர்வாக ஆணையால் நாயிறைச்சி விற்பனையை ஒரேயடியாகத் தடை செய்தது. நாகர் மக்களில் பலருக்கு அது மருந்தும் உணவுமாக நெடுங்காலம் இருந்து வருவது. கொகிமா சந்தையில் முறைப்படி உரிமம் பெற்று விற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜூனில் குவாகாத்தி உயர் நீதிமன்றத்தின் கொகிமா அமர்வு, அப்படியொரு தடையை விதிக்க அந்த அதிகாரிக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஆணையை நீக்கியது. டெல்லியிலும் சென்னையிலும் இருந்து வடகிழக்கு மாணவர்களை 'நாய் தின்னிகள்' என்று அழைப்பவர்களுக்கு அந்த ஆணை எவ்வளவு இனித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நான் நாய் தின்னமாட்டேன், தின்னும் வழக்கம் ஒழிந்தால் மகிழ்வேன். ஆனாலும் அந்த வழக்கில் என் மனம் சந்தைக்காரர் பக்கமே நின்றது.

நாம் இந்த இரண்டு வழிகளையும் நம் வீட்டுக்குள்ளேயே பார்த்தவர்கள். கோயில் வேள்வியில் கிடாய் வெட்டுவதை ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். அவர் சைவர்களுக்குள் இருந்து சைவர்களோடு பேசியவர், கேட்டவர்களும் உண்டு, கேளாதவர்களும் உண்டு. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலய வேள்விக்குத் தடை விதித்ததும், அது மேன்முறையீடு வரை போனதும் அதே வாக்குவாதத்தின் தொடர்ச்சி. ஆனால் 2011இல் சிலாபம் முன்னேஸ்வரத்துப் பத்திரகாளி கோயிலுக்கு அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு போய், பலிக்கு நின்ற ஆடுகளையும் கோழிகளையும் வாகனத்தில் ஏற்றிச் சென்றதைச் சீர்திருத்தம் என்று என்னால் அழைக்க முடியவில்லை. 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களும் விலங்கின் பெயரைச் சொன்னார்கள். 2020 செப்டெம்பரில் மாடு வெட்டுவதைத் தடை செய்ய அமைச்சரவை கொள்கையளவில் முடிவெடுத்தபோது, உண்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சி இறக்குமதி செய்து கொடுப்பது என்றும் அதனோடு சேர்த்தே சொன்னார்கள். வேறு நாட்டு மாடு சாகலாம் போலும். பால் வற்றிய பசுவையும் கிழட்டு எருதையும் என்ன செய்வது என்று வன்னிக் கமக்காரனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவன் அவற்றைக் கட்டாக்காலியாக விடுவான். அவை இரவில் பக்கத்து வயலை மேய்ந்து கத்தி வெட்டு வாங்கும், அல்லது ஏ-9 வீதியில் படுத்திருந்து பேருந்தில் அடிபடும்.

கண்ணப்பருடைய கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேட்டை நாய்களோடு வந்த திண்ணன், பன்றி இறைச்சியைச் சுட்டு, வாயில் போட்டு ருசி பார்த்து, தேன் கலந்து காளத்தியப்பருக்குப் படைத்தான். மறுநாள் காலை வந்த சிவகோசரியார் எலும்பையும் இறைச்சியையும் கண்டு பதறி, அழுது, எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பூசை செய்தார். ஒருவர் படைக்க மற்றவர் கழுவுவதாகவே நாட்கள் போயின. இறைச்சியைத் தேனில் இட்டு வைத்த வன்னி வேடுவ மரபில் வந்த நாங்கள் அந்தக் கதையில் எப்போதும் கண்ணப்பருடைய ஆட்கள்; ஆனால் கொரியக்காரன் முன்னால் மட்டும் சிவகோசரியாராகிவிடுகிறோம்.

நாயை நாம் தின்பதில்லை, உண்மைதான். வேறு என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். நாய் குட்டி போட்டால் கடுவன்களை வைத்துக்கொண்டு, கண் திறக்காத பெட்டைக் குட்டிகளை உரப் பையில் போட்டுச் சந்தையடியிலோ கோயில் வாசலிலோ குளக்கட்டிலோ விட்டுவிடுவது இங்கே எல்லா வீட்டுக்கும் பொதுவான பழக்கம். என் வீட்டிலும் நடந்திருக்கிறது. பையைக் கொண்டுபோனவன் நான். திரும்பி வரும்போது அந்தக் கீச்சுக் குரல் சைக்கிள் சத்தத்தையும் மீறிக் கேட்டது. 2006இலிருந்து கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும்தான் வழி. நல்ல கொள்கை. ஆனால் கருத்தடை முகாம் ஒட்டுசுட்டான் பக்கம் வருவதற்கும் நாய் சினைப்படுவதற்கும் இடையில் எப்போதும் நாய்தான் முந்துகிறது. விலங்குக் கொடுமைக்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அதில் எழுதப்பட்ட அபராதம் 100 ரூபா, இன்று அதற்கு ஒரு நல்ல தேநீரும் வடையும் வாங்கலாமா என்பதே சந்தேகம். புதிய சட்ட வரைவு 2006இல் எழுதப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக மேசையில் கிடந்தது.

2009 தையில், போரின் கடைசி மாதங்களில், நாங்கள் ஒட்டுசுட்டானை விட்டுப் புறப்பட்டபோது மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டோம். நாய்க்கு அறுக்கக் கயிறு இல்லை, அது உழவு இயந்திரத்தின் பின்னாலேயே ஓடி வந்தது. உடையார்கட்டு வரை வந்ததைக் கண்டவர்கள் உண்டு. பிறகு கஞ்சிக்கு வரிசையில் நின்ற அந்தக் கடற்கரையில், எவ்வளவு பசித்தும், யாரும் நாயைக் கொன்று தின்றதாக நான் கேள்விப்படவில்லை; இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, அருவருப்பின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதற்காகச் சொல்கிறேன். முகாமிலிருந்து மீள்குடியேற வந்தபோது ஊரில் நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன, ஆளைக் கண்டால் வாலாட்டவில்லை, காட்டுக்குள் இறங்கின. எதைத் தின்று அவை உயிரோடு இருந்தன என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சில மாதங்களின் பின் அவற்றில் ஒன்று எங்கள் கொட்டிலுக்கு வந்து படுத்தது. இப்போது இருக்கும் பெட்டை நாய் அதன் வழியில் வந்தது.

ஒரு விடயத்தை இன்னும் சொல்லவில்லை. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை விவசாய அமைச்சர் சொன்னபோது, கொழும்பில் விலங்குநல அமைப்புகள் நீதிமன்றம் போயின; அங்கே கொண்டுபோய்த் தின்றுவிடுவார்கள் என்ற பேச்சும் எழுந்தது; ஜூன் மாதம் அப்படி அனுப்பப்போவதில்லை என்று அரசு நீதிமன்றத்துக்குச் சொல்லி விடயத்தை முடித்தது. நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த ஊர்களில் ஒருவர்கூட அந்தச் செய்தியைக் கேட்டு ஆறுதல் அடையவில்லை. குரும்பட்டியிலேயே தென்னையை மொட்டையடிக்கும் குரங்கைப் பற்றிக் கமக்காரரிடம் இரக்கம் பேசப் போனால், இரண்டு பூசணிக்காயைக் கையில் தந்து, 'இதை மட்டும்தான் மிச்சம் விட்டது' என்பார்கள். அவர்கள்தான் கொரியக்காரனைக் கண்டு முகம் சுளிப்பவர்களும். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாளில் செய்வதில் அவர்களுக்கு எந்த இடறலும் இல்லை, எனக்கும் பல காலம் இருந்ததில்லை.

கிணற்றுக்கட்டில் கவிழ்த்த கோப்பை நான்கு நாட்கள் அங்கேயே இருந்தது. ஐந்தாம் நாள் பார்த்தால், அம்மா அதில்தான் மீன்தலைச் சோறு குழைத்து நாய்க்கு வைக்கிறார். மருமகன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அம்மம்மா, அப்ப எனக்கும் நாய்க்கும் இனி ஒரே கோப்பைதானே" என்றான். "வாயை மூடு, நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார் அம்மா. நாய் மீண்டும் சினைப்பட்டிருக்கிறதா என்று அவன் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தான், இன்னும் இல்லை. மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரித்தோம், அடுத்த மாதம் பத்தாம் திகதிக்குப் பிறகு வரச் சொன்னார்கள். முதல்நாள் இரவு சோறு வைக்கவேண்டாமாம். ஓட்டோவுக்கு அவனே காசு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.